நோக்கம் தூயதாயின் வாள் தூயதாகுமா?

சில மாதங்களுக்கு முன் நம் சங்கத்து இளைஞர்கள் ஒரு கோரிக்கை வைத்தனர். ஜப்பானிய அனிமே படம் ஒன்றைத் திரையிட வேண்டும் என்றனர். பொம்மைப் படம், அதிலும் வாளும் குருதியும் நிறைந்த படம், பிள்ளைகள் கெட்டுப்போவர் என்று கூறிப் பெரியவர்கள் மறுத்துவிட்டோம். மறுத்தவர்களுள் நானும் ஒருவன். பின்னர், பத்தாம் வகுப்பில் பயிலும் என் மகன் வற்புறுத்தவே, அவனுடன் அமர்ந்து அப்படத்தை முழுவதும் கண்டேன். நாம் பிழை செய்தோம் என்பதே என் முடிவு. அதனை இம்மலரில் எழுதுவது என் கடமை எனக் கருதுகிறேன்.

நொபுஹிரோ வாட்சுகி 1994 முதல் 1999 வரை எழுதி வரைந்த தொடர் படக்கதை ‘ரூரோனி கென்ஷின்’. அதன் நாயகனுடைய இளமை வரலாற்றைக் கசுஹிரோ ஃபுருஹாஷி 1999ஆம் ஆண்டில் நான்கு பகுதிகளாக இயக்கினார். நான் கண்ட படம் அதுவே. 1603 முதல் ஜப்பானை ஆண்ட தோகுகாவா ஷோகுன்களின் ஆட்சி ஆட்டங்கண்ட காலம். பேரரசரை முன்னிறுத்திப் புதிய ஆட்சி அமைக்க முயன்ற சோஷு முதலிய குறுநிலத்தார் ஒருபுறம். ஷோகுனின் காவலர் மறுபுறம். கியோத்தோ நகரத் தெருக்களில் இரவுதோறும் கொலைகள் நிகழ்ந்தன. கென்ஷின் சோஷு தரப்பினர் ஏவிய கொலையாளி. அவனுக்கு வயதோ 15.

இவன் கொடியவனாகப் பிறந்தவன் அல்லன். பெற்றோரை இழந்து, அடிமை வணிகர் கையில் சிக்கி, அவர்களைக் கொள்ளையர் வெட்டிச் சாய்த்தபோது தனித்து எஞ்சிய சிறுவன். அங்கே இறந்தவர் அனைவருக்கும் அவன் கல்லறை அமைக்கிறான். தன்னை விலைக்கு வாங்கியவருக்கும் அமைக்கிறான், அவர்களைக் கொன்ற கொள்ளையருக்கும் அமைக்கிறான். அத்தகைய நெஞ்சம் படைத்தவனே, ஏழைகள் துன்பமின்றி வாழும் புதுயுகம் படைப்போம் என்ற சொல்லை நம்பி, ஆசானின் தடையையும் மீறி, வாளேந்திப் புறப்படுகிறான். அவனை ஈர்த்தது தீமையன்று, நன்மையின் பெயரே என்பதை நாம் மறத்தலாகாது.

இப்படம் வன்முறையைப் போற்றுகிறது என்பது நம் கூட்டத்தில் கூறப்பட்ட குற்றச்சாட்டு. எங்கே போற்றுகிறது? கொன்றபின் அவன் கைகளைக் கழுவுகிறான், மீண்டும் கழுவுகிறான். பருகும் மதுவில் குருதியின் சுவையே தெரிகிறது. ஓரிரவு அவன் வாளுக்கு இரையான இளைஞன் ஒருவன், திருமணம் நிச்சயிக்கப்பட்டவன். வாழவேண்டும் என்ற ஆசையால் இறுதிவரை போராடிக் கென்ஷினின் கன்னத்தில் ஒரு வடு இட்டுவிட்டு மடிகிறான். அந்த வடு ஆறாமல் குருதி கசிகிறது. அவ்விளைஞனை மணக்கவிருந்த தோமோயே பழிவாங்க வருகிறாள். ஒரு சிற்றூரில் அவனுடன் மனைவியாய் வாழ்கிறாள். காய்கறி பயிரிட்டு வாழும் அந்த எளிய வாழ்வில் அவன்மீது அன்பு கொள்கிறாள். இறுதியில் பனிபடர்ந்த காட்டில், அவனைக் காக்கக் குறுக்கே பாய்ந்து, அவன் வாளாலேயே இறக்கிறாள். கொன்றவன் எண்ணிப் பாராத ஒரு பெயர் அவன் வீட்டுக்குள்ளேயே வந்து கணக்குக் கேட்கிறது. இதனைப் போற்றுதல் என்போர் படத்தைப் பாராமலே தீர்ப்பு எழுதியவர் ஆவர். நானும் அப்படித்தான் எழுதினேன்.

இது வெறுங்கற்பனை என்று தள்ளவும் இயலாது. அக்காலத்தில் ‘ஆட்கொல்லிகள்’ என்று பெயர்பெற்ற நால்வரை வரலாறு குறிக்கிறது. தனாகா ஷின்பெய் 1863இல் தற்கொலை செய்துகொண்டார். ஒகாடா இசோவை 1865இல் அவருடைய தோசா நாட்டு ஆட்சியே தலை வெட்டிக் கொன்றது. நகாமுரா ஹன்ஜிரோ 1877இல் தாம் உருவாக்க உதவிய அரசை எதிர்த்துப் போரிட்டு மாண்டார். கென்ஷினுக்கு முன்மாதிரியான கவகாமி கென்சாய், நாட்டைப் பிற நாடுகளுக்குத் திறந்துவிட வேண்டும் என்ற அறிஞர் சகுமா ஷோசானை 1864இல் கொன்றவர். நான்கே ஆண்டுகளில் அமைந்த புதிய அரசு அச்சகுமாவின் வழியையே மேற்கொண்டது! அதனை ஏற்காத கவகாமிக்கு 1872இல் அவ்வரசே மரண தண்டனை அளித்தது. அவ்வாறாயின் சகுமா எதற்காக மாண்டார்? கவகாமி எதற்காகக் கொன்றார்?

அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்பவன் நான். ஆணை பிறப்பிப்பவர் ஒருவர், நிறைவேற்றுபவர் வேறொருவர், விளைவைச் சுமப்பவர் மூன்றாமவர் என்பதை நாள்தோறும் காண்கிறேன். கென்ஷினுக்கு ஆணையிடும் கட்சுரா கொகோரோ வரலாற்றில் வாழ்ந்தவர். பின்னாளில் கிதோ தகயோஷி என்ற பெயரில் புதிய அரசின் தூண்களுள் ஒருவரானார். வாளேந்தியவனுக்கு எஞ்சியது வடு மட்டுமே.

வன்முறையின்றி மெய்ஜி யுகம் மலர்ந்திருக்குமா என்று சிலர் வினவுவர். தக்க வினாவே. படைவலிமை அம்மாற்றத்துக்குத் துணைநின்றதை நான் மறுக்கவில்லை. ஆயினும் 1867இல் கடைசி ஷோகுன் யோஷினொபு தாமே ஆட்சியைத் திருப்பி அளித்தார். 1868இல் எதோ கோட்டை, சாய்கோ தகமோரியும் கட்சு கைஷுவும் நடத்திய பேச்சின் பயனாய்ப் போரின்றிக் கைமாறியது. ஒரு பெருநகரம் எரியாமல் பிழைத்தது. வாள் செய்ததாக நாம் கூறும் பணிகளுட் சிலவற்றைச் சொல்லும் செய்துள்ளது. அதனை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

இனி நம்மை நாமே கேட்போம். நம் திரைப்பட நாயகன் இருபது பேரை வெட்டிச் சாய்க்கும்போது, பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு கைதட்டியவர்கள் நாம் அல்லமோ? வீழ்ந்த அந்த இருபதின்மருக்குப் பெயருண்டா, மனைவியுண்டா? கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் படத்தைச் சங்க மேடையில் மாட்டிவிட்டு, செத்தவனுக்கும் ஒரு பெயருண்டு என்று கூறும் கதையை வாசலிலேயே நிறுத்துவது நேர்மையாகுமா?

சிறு குழந்தைகளுக்கு இப்படம் ஆகாது, அதனை ஒப்புகிறேன். வளர்ந்த பிள்ளைகளோடு பெற்றோர் அமர்ந்து காண்க. படம் முடிந்ததும் என் மகன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்பா, அந்தக் கல்யாண மாப்பிள்ளை பேர் என்ன?” என்று கேட்டான். கியோசாதோ என்றேன். வெட்டியவன் பெயரைக் கேட்காமல் வெட்டுண்டவன் பெயரை என் மகன் கேட்டான். அவ்வினாவை நம் பிள்ளைகள் அனைவரும் கேட்கட்டும். அடுத்த கூட்டத்தில் அவ்விளைஞர்களின் கோரிக்கையை நானே முன்மொழிவேன்.