அதே ஓடுபாதை, வேற காலம்: பழைய விமானப் படங்களை இன்றைய படத்தோட கலந்தா என்ன கிடைக்கும்?

இன்ஸ்டாவில் இந்த மாதிரிப் படம் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். கலரில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள், நாயோடு நடப்பவர்கள். அவர்களுக்கு நடுவே கருப்பு வெள்ளையில் ஒரு பழைய விமானம். அட, செம என்று லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம் இது.

இதற்குத் தோதான இடம் பெர்லினின் டெம்பல்ஹோஃப். 1948 ஜூனில் மேற்கு பெர்லினுக்கான தரைவழிகளை சோவியத் யூனியன் அடைத்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு மாவு, நிலக்கரி எல்லாமே விமானத்தில் வந்தது. 1949 செப்டம்பர் வரை சுமார் 23 லட்சம் டன்! அமெரிக்க சி-54 விமானங்கள் வரிசைகட்டி இறங்கிய இந்த நிலையம் 2008-ல் மூடப்பட்டு, 2010-ல் பூங்கா ஆனது. அங்கே வீடு கட்டும் திட்டத்தை 2014 வாக்கெடுப்பில் மக்களே நிராகரித்துவிட்டார்கள். அதனால் ஓடுபாதை இன்னும் இருக்கு. 1.2 கிலோமீட்டர் நீள வளைந்த கட்டடமும் இருக்கு.

அந்தக் கட்டடம்தான் பிளெண்டிங்குக்கு உயிர். பழைய படம் எடுத்தவர் நின்ற அதே இடத்தில் நீங்களும் நிற்கணும். பத்தடி தள்ளி நின்றாலும் தூண்களும் ஜன்னல்களும் ஒன்றோடொன்று பொருந்தாது. எவ்வளவு ஜூம் பண்ணினாலும் இதைச் சரிசெய்ய முடியாது. நிழல் ஒத்துப்போக, அதே பருவம், அதே நேரம் பார்க்கணும். அதன்பிறகு இரண்டு லேயர், ஒரு மாஸ்க். கம்ப்யூட்டர் வேலை இதில் சின்னப் பகுதிதான்.

இப்போது ஏஐ-யிடம் சொன்னால் நொடியில் செய்து தரும். ஆனால் இல்லாத இறக்கையை, இல்லாத முகத்தை அதுவே வரைந்து நிரப்பிவிடும். அதை வரலாற்றுப் படம் என்று ஷேர் பண்ணுவது தப்பு. பிளெண்ட் படம் போடுகிறவர்கள் இரண்டு படங்களின் ஆண்டையும் எழுதணும். அடுத்த ஸ்லைடில் மூலப் படத்தை அப்படியே போடணும்.

இன்னொரு சிக்கல், ஏஐ இல்லாவிட்டாலும் இருக்கு. எது இடியாமல் நிற்கிறதோ, எதற்குப் படம் இருக்கிறதோ, அது மட்டும்தான் பிளெண்ட் ஆகும். சி-54 நின்ற அதே வளாகத்தில்தான், போர்க்காலத்தில், பிடித்து வரப்பட்ட ஆயிரக்கணக்கான கட்டாயத் தொழிலாளர்கள் நாஜிகளுக்காகக் குண்டுவீச்சு விமானங்களைப் பூட்டினார்கள். மைதானத்தின் வடக்கு ஓரத்தில் கொலம்பியா என்ற வதை முகாம் இருந்தது; 1936-ல் மூடி, 1938-ல் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் கேமராவை நீட்டினால் பொருத்திப் பார்க்க ஒரு சுவர்கூட இல்லை. ஆக, நம் ஃபீடில் வருவது குழந்தைகளுக்கு மிட்டாய் போட்ட விமானம் மட்டும்தான். டெம்பல்ஹோஃப் பிளெண்ட் போடுகிறவர்கள் கேப்ஷனில் இரண்டு வரியாவது கொலம்பியாவுக்கு ஒதுக்கணும்.