சம்சுவுக்கு 60, பீருக்கு 175

2025 அக்டோபர் 10-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்த பிரதமர் அன்வார் இப்ராஹிம், மதுபானங்களின் மீதான கலால் வரி நவம்பர் முதல் தேதி தொட்டு நூற்றுக்குப் பத்து வீதம் உயரும் என்று அறிவித்ததும், ஜனங்களின் ஆரோக்கியத்துக்கு நல்ல காலம் பிறந்தது என்று ஒரு சாரார் மகிழ்ந்தார்கள். குடிக்கிறவன்தானே கொடுக்கிறான், கொடுக்கட்டுமே என்று மற்றொரு சாரார் வாளாவிருந்தார்கள். வரி உயர்ந்ததைப் பற்றி எனக்குப் பெரிய மனக்குறை ஒன்றும் இல்லை. அரசாங்கம் என்று ஒன்று இருந்தால் அது வரி வாங்கத்தான் செய்யும். ஆனால் எந்தப் பட்டியலின் தலைமீது இந்தப் பத்து வீதம் ஏற்றி வைக்கப்பட்டது என்பதைப் புரட்டிப் பார்க்கிற சிரமத்தை நம்முடைய பிரதிநிதிகளில் ஒருவரேனும் மேற்கொண்டதாகத் தெரியாததுதான், இந்த விஷயத்தைப் பற்றி எழுதாமல் இருந்துவிடலாம் என்று எண்ணியிருந்த என்னைப் பேனாவை எடுக்கச் செய்தது.

2016 மார்ச் மாதத்தில் அமலுக்கு வந்த அந்தப் பட்டியல், மதுபானத்தில் அடங்கியுள்ள சுத்த ஆல்கஹாலை லிட்டர் கணக்கில் அளந்து வரி விதிக்கிறது. இந்த உயர்வுக்கு முன்னால், பீருக்கும் ஸ்டவுட்டுக்கும் ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 175 வெள்ளி. விஸ்கி, பிராந்தி முதலியவற்றுக்கு 150 வெள்ளி. சம்சு என்னும் மலிவான கடும் மதுவுக்கு 60 வெள்ளி. வாசகர்கள் இந்த மூன்று எண்களையும் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். நூற்றுக்கு ஐந்து பங்கு ஆல்கஹால் உள்ள 320 மில்லிலிட்டர் பீர் டின் ஒன்றில் 16 மில்லிலிட்டர் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. அதற்குப் பழைய வீதப்படி 2 வெள்ளி 80 காசு வரி. பத்து வீதம் ஏறிய பிறகு 3 வெள்ளி 8 காசு. அதே 16 மில்லிலிட்டர் ஆல்கஹாலைச் சம்சுவாகக் குடிக்கிறவன் பட்டியலின்படி செலுத்தியது 96 காசு. அதன்மீதும் பத்து வீதத்தை ஏற்றினாலும் 1 வெள்ளி 6 காசுக்குக் கொஞ்சம் குறைவாகவே வரும். உடம்புக்குள் போகிற விஷம் ஒன்றே. அது மெல்ல இறங்கினால் மூன்று பங்கு அபராதம், நெருப்பாக இறங்கினால் மூன்றில் இரண்டு பங்கு சலுகை. ஆரோக்கியத்தின் பெயரால் ஏற்பட்ட வரி, ஆரோக்கியத்தை அதிகமாகக் கெடுக்கிற பானத்தைக் கைதூக்கிவிடுகிற இந்த விசித்திரத்தைச் சிங்கப்பூரில் காண முடியாது. அங்கே 2014 முதல் பீருக்கு லிட்டர் ஆல்கஹாலுக்கு 60 டாலர், விஸ்கி முதலிய கடும் மதுவுக்கு 88 டாலர். வீரியம் கூடினால் வரியும் கூட வேண்டும் என்கிற சாமான்ய நியாயம், ஜொகூர் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வருவதற்குள் தலைகீழாகிவிடுகிறது.

இந்தத் தலைகீழ் நியாயத்தின் பலனை அநுபவித்தவர்கள் யார் என்று ஈப்போவின் புந்தோங்கில் ஒருவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேராக்கின் பால்மரத் தோட்டங்கள் கூறுபோடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறியும் போனபோது, லயத்து வீடுகளைக் காலி செய்துகொண்டு ஈப்போவின் ஓரங்களுக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள், தட்டுமுட்டுச் சாமான்களோடு ஒரு பழக்கத்தையும் கொண்டுவந்தன. சட்டைப் பைக்குள் அடங்குகிற தட்டைப் போத்தல், மூடியைத் திருகியவுடன் மூக்கைத் துளைக்கிற வாசம், தண்ணீர் கலக்காமல் ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போத்தலைக் கால்வாயில் எறிந்துவிட்டுப் போகிற அவசரம்: இதில் ருசி எங்கே, உல்லாசம் எங்கே, நாலு பேரோடு உட்கார்ந்து பேசுகிற சமூகம்தான் எங்கே? 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் அந்நியத் தொழிலாளர்கள், மாண்டுபோன கோரத்தை நாம் அதற்குள் மறந்துவிட்டோம். மலிவைத் தேடிப் போகிறவன் எங்கே போய் முடிகிறான் என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

நம் சமூகத்தில் மதுவைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே கள்ளுக்கடை மறியலின் நினைவு எழுவது சுபாவமே. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோரின் முயற்சியால் எழுந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், கூலி உயர்வோடும், துரைமாரைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்கிற அவமானத்தை ஒழிப்பதோடும், தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்றாக இருந்தது. யுத்தம் முடிந்த பிறகு 1947-இல் கெடாவில் பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைக்கு முன்னால் மறியல் செய்து போலீஸாரின் தடியடிக்கும் சிறைக்கும் ஆளாயிற்று. அந்த வீரத்துக்கு நான் தலை வணங்குகிறேன். நாள் முழுதும் உழைத்தவனின் கூலியைச் சாயங்காலம் கள்ளுக்கடை வழியாகத் திரும்பப் பெற்றுக்கொண்ட நிர்வாகத்தை எதிர்த்தவர்கள் அவர்கள். ஆயினும் சரித்திரத்தை அங்கேயே நிறுத்திவிட்டுக் கைகூப்பி நிற்பவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கள்ளு போன இடத்துக்கு எது வந்தது? நீராகாரமும் மோருமா வந்தன? நூற்றுக்கு நாலைந்து பங்கு வீரியமுள்ள கள் போய், முப்பது நாற்பது பங்கு வீரியமுள்ள சம்சு வந்தது.

மறியல்காரர்களுக்குக் கெட்டதைத் தடுக்கிற துணிவு இருந்தது. நல்லதைக் காய்ச்சுகிற உரிமை இல்லை. பொஹீமியாவில் பில்சன் என்னும் நகரத்து ஜனங்களுக்கு இரண்டும் இருந்தன. 1838-இல், புளித்துக் கெட்டுப்போன பீரைத் தங்கள் தலையில் கட்டிய வியாபாரிகளின்மேல் ஆத்திரங்கொண்டு, 36 பீப்பாய்களை நகர மன்றத்தின் முன்னால் வீதியில் கவிழ்த்துக் கொட்டினார்கள். அதோடு வீட்டுக்குப் போய்விடாமல், நகரத்தார் தாமே முதல் போட்டு ஒரு மதுவடிசாலையை எழுப்பி, யோசெப் கிரோல் என்கிற பவேரியக் கலைஞரை வரவழைத்து, 1842-இல் இந்த உலகம் அதுவரை காணாத பொன்னிறமான லாகர் பீரைக் காய்ச்சி இறக்கினார்கள். இன்று ஷா ஆலாமிலும் சுங்கை வேயிலும் ராட்சதத் தொட்டிகளில் காய்ச்சப்பட்டு நம் கோப்பிக்கடை மேஜைகளுக்கு வருகிற பச்சைப் போத்தல்களெல்லாம் அந்த பில்சன் லாகரின் தூரத்துச் சந்ததியே.

தூரத்துச் சந்ததி என்று சொன்னதன் காரணத்தை ஒரு சிறிய மதுவடிசாலையில் லாகரைக் குழாயடியிலேயே வாங்கிக் குடித்தவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். முளைகட்டிய வாற்கோதுமையின் வாசம், அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியின் மேலோட்டைப் போல எழும்புகிறது; நாக்கின் நடுவில் மெல்லிய இனிப்பு; விழுங்கிய பிறகு ஹாப்ஸ் பூவின் கசப்பு நின்று, அடுத்த மிடறைக் கேட்கிறது. நுரை கண்ணாடியின் உட்புறத்தில் வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டு, எத்தனை மிடறில் குடித்தோம் என்பதற்குச் சாட்சி சொல்கிறது. இத்தனையும் லேசில் வருவதல்ல. ஏல் என்னும் மற்றொரு ஜாதி பீர், 20 பாகை செல்சியஸ் சூட்டில் நொதித்துச் சீக்கிரம் குடிப்பதற்குத் தயாராகிவிடும். லாகரோ 10 பாகைக் குளிரில் சாவகாசமாக நொதித்து, பிறகு உறைநிலைக்கு அருகில் வாரக்கணக்காகக் கிடந்து தெளிய வேண்டும். கிந்தா பள்ளத்தாக்கின் வெயிலில் அந்தக் குளிரைக் காப்பதற்கு ஆகிற மின்சாரக் கட்டணத்தையும், ஒரு தொட்டி லாகர் முடிவதற்குள் அதே தொட்டியில் மூன்று முறை ஏல் இறக்கிவிடலாம் என்கிற கணக்கையும் யோசித்தால், சின்ன முதலாளி லாகர் பக்கம் தலைவைத்துப் படுக்கவே அஞ்சுவதில் ஆச்சரியமில்லை. அதன்மேல் லட்சக்கணக்கான ஹெக்டோலிட்டர் காய்ச்சுகிற ராட்சதர்களுக்குரிய அதே வரி வீதத்தை அவன் தலையிலும் கட்டினால் அவன் எப்படிப் பிழைப்பான்? பிரிட்டனில் 2002-இல் ஒரு ஏற்பாடு செய்தார்கள்: வருஷத்துக்கு 5,000 ஹெக்டோலிட்டருக்கு உட்பட்டுக் காய்ச்சுகிறவனுக்குப் பாதி வரி. அதன் பிறகு அங்கே சிறு மதுவடிசாலைகள் ஊருக்கு ஊர் முளைத்தன. நம் நாட்டிலோ மாடர்ன் மேட்னஸ் முதலாக விரல்விட்டு எண்ணத்தக்க சில முயற்சிகளே உரிமம் பெற்று நடக்கின்றன.

சிங்கப்பூரில் 1997-இல் ஆற்றங்கரையில் தொடங்கிய பிரூவர்க்ஸ் போன்ற இடங்களிலும், கோலாலம்பூரின் சில டேப்ரூம்களிலும் நான் கவனித்த ஒரு காரியம் உண்டு. அங்கே யாரும் அவசரமாகக் குடிப்பதில்லை. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் தொட்டிகள் தெரிகின்றன. காய்ச்சினவரே வந்து, இந்த வாரத்துத் தொட்டி எப்படி என்று விசாரிக்கிறார். பெண்கள் குடும்பத்தோடு வந்து உட்காருகிறார்கள். விலை அதிகமாகையால் ஒரு கோப்பைக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. அப்படியொரு கடை புந்தோங்கில் இருந்தால் என்ன என்பதுதான் என் கேள்வி. பட்டாணி வறுபட்டு, அச்சில் பிழிந்த முறுக்கு மாவு எண்ணெய்ச் சட்டியில் சுழன்று பொன்னிறமாகி, கறிவேப்பிலை பொரிகிற மணம் தெருவெல்லாம் கமழ்கிற ஊர் இது. புந்தோங் கச்சான் பூத்தே என்றால் தீபகற்பம் முழுவதும் தெரியும். கார முறுக்குக்கும் குளிர்ந்த லாகருக்கும் உள்ள சிநேகத்தை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. ஈப்போ ஒரு பானத்தைக் கொண்டு பேர் வாங்கத் தெரிந்த ஊருங்கூட: 1999-இல் இங்கே தொடங்கிய ஓல்ட் டவுன் வெள்ளைக் கோப்பி, இருபது வருஷம் ஆவதற்குள் ஐரோப்பியக் கம்பெனி ஒன்று தேடி வந்து வாங்குகிற அளவுக்கு வளர்ந்தது. 2026-ஐ மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு என்று விளம்பரம் செய்துகொண்டு, வருகிறவனுக்குச் சுண்ணாம்பு மலையையும் குகைக் கோயிலையும் காட்டிவிட்டு, சாயங்காலம் ஆனதும் டென்மார்க்கின் பேரும் ஹாலந்தின் பேரும் ஒட்டிய போத்தலை நீட்டுகிறோம்.

இதற்கு வருகிற ஆட்சேபங்களை நான் அறிவேன். 2017 செப்டம்பரில், 43 மதுவடிசாலைகளின் 250 வகைக் கைவினை பீர்களைக் காட்சிக்கு வைக்க இருந்த விழா ஒன்றுக்கு, பாஸ் கட்சியார் கூச்சலிட்டதும் கோலாலம்பூர் மாநகராட்சி அனுமதி மறுத்தது. முஸ்லிம் அல்லாதவர் ஒரு மண்டபத்துக்குள் பணம் கொடுத்துக் குடிப்பது நாட்டுக்கு அபாயம் என்று கருதியவர்கள், மளிகைக் கடை அலமாரியில் சம்சு அடுக்கியிருப்பதை அன்றைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களோடு வாதிப்பதில் பிரயோஜனமில்லை. நம்மவர்களிலேயே சிலர், குடியால் கெட்ட சமூகத்துக்குக் குடியைச் சிபாரிசு செய்கிறாயா என்பார்கள். இவர்கள் கல்யாண வீட்டில் காருக்குப் பின்னால் நின்று குடித்துவிட்டு, பாக்கைப் போட்டுக்கொண்டு மேடையேறி மதுவிலக்குப் பேசுகிற ஜாதி. பதில் சொல்ல இடம் போதாது. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தார் நெடுங்காலமாகச் சம்சுவைக் கண்டித்து வருவது மெச்சத்தக்கதே. ஆனால் எல்லா மதுவையும் ஒரே கயிற்றில் கட்டி அடிக்கிற அவர்களுடைய கொள்கையால் பீர் இளைத்தது, சம்சு பிழைத்துக்கொண்டது. விலையை ஏற்றினால் குடி குறையும் என்று சாஸ்திரம் பேசுகிற பொருளாதார நிபுணர்கள், எந்தக் குடி குறைகிறது, அவன் அடுத்து எதை எடுக்கிறான் என்று ஒரு நாள் சாயங்காலம் தோட்டத்து ஒட்டுக்கடையருகே நின்று பார்க்கட்டும்.

21 வயது நிரம்பாதவனுக்கு மது விற்கக் கூடாது என்பது 2017 டிசம்பர் முதல் சட்டம்; அதை அனுஷ்டிப்பதற்கும் ஒரு முகவரியும் முதலாளியும் கணக்குப் புத்தகமும் உள்ள டேப்ரூமே ஏற்ற இடம். ஊருக்கு ஒரு நல்ல குழாயும், அதன் பக்கத்தில் ஒரு பெஞ்சும், சம்சுவுக்கு 175 வெள்ளி வரியும் இருந்துவிட்டால், பத்து வருஷத்தில் பேராக்கில் சம்சு என்கிற பேரே வழங்காது என்பதில் எனக்கு லவலேசமும் சந்தேகமில்லை. நிதியமைச்சு செய்ய வேண்டியது இரண்டே: வீரியம் கூடக் கூட வரியும் கூடுமாறு பட்டியலைத் திருத்துவது, 5,000 ஹெக்டோலிட்டருக்கு உட்பட்ட சிறு மதுவடிசாலைக்குப் பாதி வரி என்று விதிப்பது. அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னால் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் புந்தோங்குக்கு ஏதேனும் ஒரு திறப்பு விழாவுக்கு வரத்தான் போகிறார். மாலை போட்டு முடிந்ததும், 60-க்கும் 175-க்கும் என்ன காரணம் என்று அவரைக் கேளுங்கள்.