பானையைத் தட்டிப் பார்த்த டாக்டர்

போன மாதம் ஒரு நாள் காலை. சமையலை முடித்துவிட்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். உறைக்கு மோர் கேட்டு எதிர் வீட்டுப் பெரியம்மா வந்தார். அவருடைய மருமகள் முழுகாமல் இருக்கிறாள், ஐந்தாவது மாதம். மோரை வாங்கிக்கொண்டு கிளம்பாமல், கூடத்தில் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து கீரையை ஆய ஆரம்பித்துவிட்டார். மனசில் ஏதோ இருக்கிறது என்று புரிந்தது.

“ஏம்மா, இந்த டாக்டரம்மா ஸ்கேன் எடு, ஸ்கேன் எடுன்னு பிராணனை வாங்கறாங்க. மூணாம் மாசம் ஒண்ணு எடுத்தாச்சு. இப்ப அஞ்சாம் மாசம் இன்னொண்ணாம். இத்தனை தடவை எடுத்தா குழந்தைக்குச் சூடு தாக்காதா? நான் நாலு பெத்தேன், எந்த ஸ்கேனைக் கண்டேன்? ஏழாம் மாசம் வளைகாப்பு முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்னு சொல்லிட்டேன்.”

எனக்குப் பகீரென்றது. காரணம் இருக்கிறது. பதினோரு வருஷத்துக்கு முன் என் தங்கை விஷயத்தில் நாங்களும் இப்படித்தான் சொன்னோம். ஐந்தாம் மாதம் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் கல்யாணம், வேலை தலைக்கு மேல். “அப்புறம் போகலாம்” என்று தள்ளிப் போட்டோம். எட்டாம் மாதம் ஒரு நள்ளிரவில், வலியே இல்லாமல், திடீரென்று இரத்தம் கொட்டியது. நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மறைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்ததாம். அவசரமாக ஆபரேஷன், மூன்று பாட்டில் இரத்தம், குழந்தைக்கு இருபத்திரண்டு நாள் கண்ணாடிப் பெட்டி. பகவான் புண்ணியத்தில் இரண்டு உயிரும் தங்கின. “அஞ்சாம் மாசமே பார்த்திருந்தா நஞ்சு இறக்கமா இருக்குன்னு தெரிஞ்சிருக்குமே, ஜாக்கிரதையா இருந்திருக்கலாமே” என்று டாக்டர் கேட்டபோது எங்களுக்குத் தலை நிமிரவில்லை. தப்பு எங்கள் மேல்தான்.

அதை அவரிடம் சொன்னேன். அதோடு, அதற்கப்புறம் நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சொன்னேன். இந்த இதழில் உங்களுக்கும் அதையே சொல்லப் போகிறேன்.

முதலில் அந்தச் ‘சூடு’ சமாசாரம். பெரியவர்கள் பயப்படுவதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. அந்தக் காலத்தில் வயிற்றுக் குழந்தையைப் பார்க்க எக்ஸ்ரேதான் கதி. எக்ஸ்ரே ஒரு கதிர்வீச்சு. கர்ப்பத்தில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பிற்பாடு புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று 1956-ல் இங்கிலாந்தில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற பெண் டாக்டர் எடுத்துக் காட்டினார். அந்தப் பயம்தான் இன்றைக்கும் ஸ்கேன் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் கர்ப்பிணிக்கு வழக்கமாக எடுக்கும் ஸ்கேன் எக்ஸ்ரே இல்லை. அது வெறும் சத்தம்! நம் காதுக்குக் கேட்காத சத்தம்.

சந்தையில் மண்பானை வாங்கும்போது என்ன செய்கிறோம்? விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிறோம். ‘ணங்’கென்றால் நல்ல பானை, ‘சொத்’தென்றால் விரிசல். கண்ணுக்குத் தெரியாததைச் சத்தம் காட்டிக் கொடுக்கிறது. ஸ்கேனும் இதே மாதிரி சங்கதிதான். நொடிக்கு இருபதாயிரம் அதிர்வுக்கு மேலே போனால் மனுஷக் காதுக்குக் கேட்காது. ஸ்கேன் கருவியோ நொடிக்குப் பல லட்சம் அதிர்வுள்ள ஒலியை வயிற்றுக்குள் அனுப்புகிறது. சதையில் நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போகிற அந்த ஒலி, எலும்பு, தோல், நீர் என்று ஒவ்வொன்றிலும் பட்டு எதிரொலியாகத் திரும்புகிறது. எது எத்தனை நேரத்தில், எவ்வளவு பலமாகத் திரும்பியது என்று கணக்குப் போட்டு மிஷின் படம் வரைந்துவிடுகிறது. வயிற்றில் ஜில்லென்று பசை தடவுகிறார்களே, ஏன் தெரியுமா? தோலுக்கும் கருவிக்கும் நடுவே துளி காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாது.

இதைப் பிரசவ வைத்தியத்துக்குக் கொண்டுவந்தவர் கதை ரொம்ப சுவாரஸ்யம். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் இயான் டொனால்டு என்று ஒரு பிரசவ டாக்டர். இரண்டாம் உலக யுத்தத்தில் விமானப் படையில் வேலை பார்த்தவர். ரேடார் போன்ற கருவிகளில் ஆசை உள்ளவர். அந்த ஊர்ப் பக்கத்தில் பாய்லர் செய்யும் பெரிய தொழிற்சாலை ஒன்று. இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று ஒலியைச் செலுத்திப் பார்க்கும் கருவி அங்கே இருந்தது. நம் பானை தட்டுகிற வேலையேதான்! 1955-ல் டொனால்டு என்ன செய்தார் தெரியுமா? பெண்கள் வயிற்றிலிருந்து ஆபரேஷன் செய்து எடுத்த கட்டிகளையெல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு அந்தத் தொழிற்சாலைக்குப் போனார்! ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய இறைச்சித் துண்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சோதித்தார். நீர்க்கட்டி ஒரு மாதிரியும், சதைக்கட்டி வேறு மாதிரியும் எதிரொலி கொடுத்தன. அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அப்புறம் டாம் பிரவுன் என்ற இளம் இன்ஜினீயர் அவரோடு சேர்ந்தார். முதலில் படம்கூட இல்லை. முள் முள்ளாக மேலும் கீழும் கோடுகள்தான். பிரவுன்தான் அதைப் படம் காட்டும் கருவியாக ஆக்கினார். வயிற்றுப் புற்றுநோய், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று மற்ற டாக்டர்கள் கைவிட்ட ஒரு பெண்மணியை இவர்கள் சோதித்தார்கள். புற்றுநோயே இல்லை, பெரிய நீர்க்கட்டி என்று தெரிந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். 1958-ல் ‘லான்செட்’ வைத்தியப் பத்திரிகையில் இவர்கள் கட்டுரை வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

“தண்ணி குடிச்சுட்டு வா, ஒண்ணுக்குப் போகாதே” என்று ஸ்கேன் அறையில் பாடாய்ப் படுத்துகிறார்களே, அதுவும் டொனால்டு உபயம்தான். நீர்ப்பை நிறைந்திருந்தால் ஒலி தடையில்லாமல் போய், ஆரம்ப மாதத்துக் கருவும் தெரிகிறது என்று 1963-ல் கண்டுபிடித்தார்.

அதற்கப்புறம் எத்தனை முன்னேற்றம்! உள்ளே குழந்தை அசைவதை அசையும்போதே பார்க்கும் கருவி 1960-களிலேயே ஜெர்மனியில் வந்துவிட்டது. தலையோடு சரியாக உருவாகாத குழந்தையை, பதினேழாவது வாரத்திலேயே ஸ்கேனில் கண்டுபிடித்துச் சொன்னார் ஸ்டூவர்ட் கேம்ப்பெல் என்ற டாக்டர், இது 1972-ல். குழந்தையின் பின்கழுத்தில் தோலுக்கடியில் உள்ள நீரின் கனத்தை அளந்து, டவுன் குறைபாடு இருக்க வாய்ப்பு உண்டா என்று கணிக்கலாம் என்று 1992-ல் லண்டனில் நிக்கோலைடஸ் என்பவர் காட்டினார். ‘டாப்ளர்’ என்கிறார்களே, அது தொப்புள்கொடியில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது. ரயில் நம்மை நோக்கி வரும்போது ஊதல் ஒரு சுருதியிலும், தாண்டிப் போனதும் வேறு சுருதியிலும் கேட்கிறதல்லவா? அந்தத் தத்துவம்தான். இப்போது குழந்தையின் முகத்தை உருண்டு திரண்டு காட்டும் முப்பரிமாணப் படமும் வந்துவிட்டது. பார்க்க அழகு. ஆனால் அழகுக்காக மட்டும் எடுக்க வேண்டாம். இத்தனை வருஷத்தில் ஸ்கேனால் குழந்தைக்குக் கெடுதல் வந்ததாக நிரூபணம் இல்லை. இருந்தாலும் டாக்டர் அவசியம் என்றால் மட்டுமே எடுப்பதுதான் முறை.

பெரியம்மா கேட்ட முக்கியமான கேள்வி: “ஒரு தடவை பார்த்தாப் போறாதா?” போதாது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒவ்வொரு காரியம். மறக்காமல் இருக்க இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்:

6 முதல் 9 வாரம்: கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா, குழாயில் தங்கிவிட்டதா, இதயம் துடிக்கிறதா, ஒன்றா இரட்டையா என்று பார்ப்பார்கள். குழாயில் தங்கிய கரு தாயின் உயிருக்கே ஆபத்து. பிரசவ தேதியும் ஆரம்ப ஸ்கேனில்தான் சரியாகத் தெரியும்.

11 முதல் 14 வாரத்துக்குள்: நான் சொன்ன பின்கழுத்து நீர் அளவு. இந்தச் சமயம் தவறினால் பிறகு அளந்து பிரயோசனமில்லை.

18 முதல் 22 வாரம்: தலையிலிருந்து கால் வரை, மூளை, இதயத்தின் நாலு அறைகள், முதுகெலும்பு, சிறுநீரகம், உதடு, கை கால், நஞ்சு இருக்குமிடம் எல்லாம். எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான்.

28 வாரத்துக்கு மேல், டாக்டர் சொன்னால்: குழந்தையின் வளர்ச்சி, பனிக்குட நீர், இரத்த ஓட்டம். எடை என்று போட்டிருப்பது உத்தேசம்தான். பத்து சதவிகிதம், அதற்கு மேலும்கூட முன்பின் இருக்கும். அதை வைத்துக்கொண்டு மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஐந்தாம் மாதத்தில் நஞ்சு இறக்கம் என்று சொன்னாலும் பதற வேண்டாம். கர்ப்பப்பை வளர வளரப் பெரும்பாலோருக்கு அது மேலே ஏறிவிடுகிறது. எட்டாம் மாதம் மறுபடி பார்ப்பார்கள். ஏறவில்லையென்றால் பிரயாணம், பாரம் தூக்குவது எல்லாம் நிறுத்தி, இரத்தம் தயாராக உள்ள ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே நாள் குறித்து ஆபரேஷன் செய்வார்கள். என் தங்கைக்குக் கிடைக்காமல் போனது இந்த அவகாசம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றால் நூற்றுக்கு நூறு உத்தரவாதம் என்று அர்த்தமில்லை. சில குறைகள் அதில் தெரியாது. அதேபோல் ஏதாவது சந்தேகம் என்றால் உடனே இடிந்து போகவும் கூடாது. மறுபடி பார்க்கச் சொல்லி, விவரமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

என் வயசு சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. ஸ்கேன் கர்ப்பிணிகளுக்கு மட்டும் இல்லை. அதிகப் போக்கு, அடிவயிற்றில் கனம் என்றால் கட்டி இருக்கிறதா என்று இது சொல்லிவிடும். மாதவிடாய் நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் ‘உஷ்ணம்’ என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். டாக்டரிடம் போங்கள். கர்ப்பப்பை உள்தோலின் கனத்தை ஸ்கேனில் அளந்து பார்ப்பார்கள். நாலு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் மேற்கொண்டு சோதனை செய்வார்கள். வெட்கப்பட்டுக் காலம் கடத்தினால் நஷ்டம் நமக்குத்தான்.

எல்லாம் கேட்டுவிட்டுப் பெரியம்மா எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “அப்படியே என்ன குழந்தைன்னும் சொல்லிடுவாங்களா?” என்றார்.

எனக்கு இரண்டும் பெண். இரண்டாவது தடவை உண்டானபோது என் காதிலும் இதே கேள்வி விழுந்தது. “காசு கொடுத்தாச் சொல்லுவாங்க” என்று உறவுக்காரர் ஒருவர் ரகசியமாகச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் அன்றைக்கு அவரைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

“சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது பெரியம்மா” என்றேன். நம் நாட்டில் 1994-ல் இதற்குச் சட்டம் வந்தது. 2003-ல் இன்னும் கடுமையாக்கினார்கள். சொல்லும் டாக்டருக்கு மட்டுமல்ல, கேட்டுப் போகும் குடும்பத்தாருக்கும் தண்டனை உண்டு; குடும்பத்தாருக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். வற்புறுத்தி அழைத்துப் போகப்பட்ட கர்ப்பிணிக்குத் தண்டனை இல்லை. சட்டம் வராமல் என்ன செய்யும்? ஆறு வயசுக்குட்பட்ட குழந்தைகளில் ஆயிரம் பையன்களுக்கு 1991-ல் 945 பெண் குழந்தைகள் இருந்தார்கள்; 2011 கணக்கெடுப்பில் அது 919 ஆகிவிட்டது. பெண்ணின் உயிரைக் காப்பாற்ற வந்த கருவியை, பெண்ணாகப் பிறக்க இருந்த குற்றத்துக்காக அவளை அழிக்க உபயோகித்தார்கள். டொனால்டு கருக்கலைப்பையே கடுமையாக எதிர்த்தவர். அவர் இதையெல்லாம் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்?

பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. மோர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபித்துக்கொண்டாரோ என்று எனக்கு உள்ளூர ஒரு சங்கடம்.

நாலு நாள் கழித்து, சாயங்காலம் கிண்ணம் திரும்பி வந்தது. நிறையப் பால்பாயசத்தோடு. “மருமகளோட நானும் ஸ்கேன் ரூமுக்குள்ளே போனேம்மா. அது கட்டை விரலை வாயிலே வச்சுட்டிருந்தது! நாலு பெத்தேன், ஒண்ணையும் இப்படிப் பார்த்ததில்லை” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நஞ்சு மேலேதான் இருக்கிறதாம். குழந்தை சௌக்கியம். என்ன குழந்தை என்று அவர் கேட்கவில்லை; நானும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது முழுகாமல் இருந்தால், ஸ்கேன் தேதியை இன்றே காலண்டரில் குறித்து வையுங்கள். வளைகாப்புக்கு நாள் பார்க்கிற அதே அக்கறையோடு!

அடுத்த இதழில், பிரசவித்த வீட்டில் வருகிற முதல் சந்தேகத்தோடு சந்திக்கிறேன்: “குழந்தைக்குப் பால் போதுகிறதா?”