வீழ்ச்சியைக் கண்டு எழுந்த ஆரவாரம்



2006-ஆம் ஆண்டு யாம் மேற்படிப்பின் பொருட்டு உரோமை நகரில் தங்கியிருந்தோம். அவ்வாண்டு சூலை 9, ஞாயிற்றுக்கிழமை. செர்மனியின் பெர்லின் நகரில் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டி. இத்தாலியும் பிரான்சும் மோதின. உரோமை மக்கள் மாலையிலேயே 'சீர்கோ மாசிமோ' என்னும் திடலை நோக்கிச் சாரிசாரியாக நடந்தனர். இரு குன்றுகளுக்கிடையே ஏறத்தாழ 600 மீட்டர் நீளத்தில் கிடக்கும் அத்திடல், பண்டைய உரோமையர் தேரோட்டப் பந்தயம் நடத்திய இடம். அன்று அங்கே பெருந்திரைகள் நிறுத்தப்பட்டிருந்தன. புல்தரை கண்ணுக்குத் தெரியாதவாறு மக்கள் வெள்ளம். வேளாங்கண்ணிக் கொடியேற்ற நாளை எண்ணிக்கொண்டோம்.

எம்முடன் வந்தவர் செனகல் நாட்டுக் குரு ஒருவர்; எம் வகுப்புத் தோழர். பிரெஞ்சு மொழி பேசுபவர். பிரான்சு அணியின் வியேரா அவருடைய நாட்டில் பிறந்தவர். ஆகவே அவர் மனம் பிரான்சின் பக்கம். எமக்கோ சோறு போட்ட ஊர் இத்தாலி!

ஏழாவது நிமிடத்தில் பிரான்சின் தலைவர் ஜிடான் பெனால்டி உதையால் கோல் அடித்தார். திடல் அடங்கிப்போயிற்று. பத்தொன்பதாவது நிமிடத்தில் மாத்தெராசி தலையால் முட்டிச் சமன் செய்தார். முன்பின் அறியாதவர்கள் எம்மைக் கட்டித் தழுவினர். பிறகு கோலே இல்லை. ஆட்டம் கூடுதல் நேரத்திற்குச் சென்றது.

110-ஆவது நிமிடம். பந்து வேறெங்கோ இருக்க, ஆட்டம் நின்றது. மாத்தெராசி சொன்ன ஏதோ ஒரு சொல்லுக்குச் சினந்து, ஜிடான் அவர் மார்பில் தலையால் மோதிய காட்சியைத் திரை காட்டியது. நடுவர் சிவப்பு அட்டையை உயர்த்தினார். திடல் அதிர்ந்தது. யாமும் துள்ளி எழுந்து கைதட்டினோம். கூவினோம் என்றே சொல்லவேண்டும்.

திரையில் ஜிடான் தலைகுனிந்து, மேடைமேல் வைத்திருந்த கோப்பையைக் கடந்து உள்ளே போனார். 1998-இல் இரண்டு கோல் அடித்துத் தம் நாட்டுக்கு அதே கோப்பையைப் பெற்றுத் தந்தவர் அவர். இதுவே தம் கடைசிப் போட்டி என்று முன்னரே அறிவித்திருந்தார். அருகில் திரும்பினோம். தோழரின் கண்கள் கலங்கியிருந்தன. "இத்தனை ஆண்டு உழைத்தவர், இன்னும் பத்து நிமிடம் பொறுத்திருக்கக் கூடாதா?" என்றார். எம்மை அவர் கடிந்துகொள்ளவில்லை. இருப்பினும் தட்டிய கைகளை எங்கே வைப்பதென்று எமக்குத் தெரியவில்லை.

முடிவில் பெனால்டி உதைகள். 2000-ஆம் ஆண்டு ஐரோப்பிய இறுதிப் போட்டியில் இத்தாலியை வீழ்த்திய கோலை அடித்த திரெசெகே, இம்முறை பந்தைக் கம்பத்தில் அடித்தார். இறுதி உதையைக் குரோசோ வலைக்குள் செலுத்த, இத்தாலி 5–3 என வென்றது. 24 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த கோப்பை! பேருந்துகள் ஓடவில்லை. ஊதுகுழல் ஒலிக்கிடையே இருவரும் நடந்தே விடுதி திரும்பினோம். வழியில் மன்னிப்புக் கேட்டோம். "தாங்கள் வெற்றிக்காகத்தானே மகிழ்ந்தீர்கள், தந்தையே" என்று அவரே எமக்குச் சாக்குச் சொன்னார்.

அன்பர்களே, அது உண்மையன்று. யாம் கைதட்டியபோது எவரும் வென்றிருக்கவில்லை. எண்ணிக்கை 1–1 தான். உயர்ந்த மனிதர் ஒருவர் கீழே விழுந்தார், அதற்காகவே கைதட்டினோம். அவர் செய்தது குற்றமே; தண்டனையும் நீதியே. ஆனால் நீதி வழங்கியவர் நடுவர். கூத்தாடியவர்கள் நாங்கள்.

அதே ஆட்டத்தில் இன்னொன்றும் நிகழ்ந்தது. உரோமையைச் சேர்ந்த தெ ரோசி என்னும் இளைஞர், முந்தைய ஆட்டமொன்றில் அமெரிக்க வீரரின் முகத்தில் முழங்கையால் இடித்து, நான்கு ஆட்டங்களுக்குத் தடைபெற்றவர். தடை முடிந்ததும் பயிற்சியாளர் லிப்பி அவரை இறுதிப் போட்டியில் இறக்கினார்; பெனால்டி உதையும் தந்தார். அவர் தவறவிடவில்லை. விழுந்தவர் எழுந்து நிற்க ஒருவர் இடம் கொடுத்தால் போதும்!

நம் தெருக்களிலும் இத்தகைய திடல்கள் உண்டு. அடுத்த வீட்டுப் பையன் தேர்வில் தோற்றான், எதிர்வீட்டுப் பெண் கணவனை விட்டு வந்துவிட்டாள், ஊர்ப் பெரியவர் ஒருவர் கணக்கில் தவறினார் என்று செய்தி வரும்போது, நம் குரல் வருத்தத்தால் தாழ்கிறதா, சுவையால் உயர்கிறதா? நம் பிள்ளைகள் அருகிலிருந்து அக்குரலைக் கேட்கிறார்கள்.

இன்று இரவு உணவின்போது இதைப் பற்றி உங்கள் வீட்டில் பேசிப் பாருங்கள். யாமோ, அந்த இரவிற்குப் பிறகு, எவரேனும் விழுந்தார் என்று கேள்விப்படும்போதெல்லாம் முதலில் எம் கைகளைப் பார்த்துக்கொள்கிறோம்.