வானத்துக்குத் தேதி போட்டவர்

2019-ல் நியூயார்க் ஏலத்தில் க்ளோத் மோனேயின் வைக்கோல் போர் ஓவியம் ஒன்று 11 கோடி டாலருக்கு மேல் போனது. அந்த மோனேயை வெட்டவெளிக்கு அழைத்துச் சென்று வானத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவரின் பெயர் பெரும்பாலும் அடிக்குறிப்போடு நின்றுவிடுகிறது. அவர் யூஜேன் பூதேன்.

பூதேன் 1824-ல் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில், ஆன்ஃப்ளூர் என்ற சிறு துறைமுகத்தில் பிறந்தார். அப்பா கடலோடி. மகனும் சிறு வயதில் படகில் எடுபிடி வேலை பார்த்தவர்தான். 1844-ல் எதிர்க்கரையில் இருந்த லே ஹாவ்ர் நகரில், பங்குதாரர் ஒருவருடன் எழுதுபொருள் மற்றும் படச்சட்டக் கடை வைத்தார். கடைக்கு வந்த மிலே போன்ற ஓவியர்களின் பழக்கம் அவர் வாழ்க்கையைத் திசை திருப்பியது. நிலையான வியாபாரத்தை விட்டுவிட்டுத் தூரிகையைப் பிடித்தார். 1851-ல் நகராட்சி மூன்றாண்டு உதவித்தொகை கொடுத்து அவரைப் பாரிசுக்கு அனுப்பியது.

அந்நாளைய ஓவியர்கள் வெளியே போய்க் குறிப்பு எடுப்பார்கள். ஓவியத்தை ஸ்டூடியோவில் நிதானமாக முடிப்பார்கள். வானம் பின்னணித் திரை, அவ்வளவுதான். பூதேன் அதைக் கதாநாயகன் ஆக்கினார். அவர் படங்களில் படகுகளும் மனிதர்களும் கீழே ஒரு மெல்லிய பட்டையில் ஒதுங்கிக்கொள்ள, மேலே முக்கால் பங்கும் மேகம், ஈரம், வெளிச்சம். நார்மண்டிக் கடற்கரையின் வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். மெருகேற்றிக்கொண்டிருந்தால் மேகம் போய்விடும். அதனால் சில வீச்சுகளில் வேலை முடிந்தாக வேண்டும். வண்ணக் குச்சிகளால் தீட்டிய அந்தப் படிப்புகளின் ஓரத்தில் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாவற்றையும் குறித்துவைத்தார். 1859-ல் அவற்றைப் பார்த்து வியந்த கவிஞர் பொதலேர், குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டாலும் பருவத்தையும் பொழுதையும் காற்றையும் ஊகித்துவிடலாம் என்று பாராட்டி எழுதினார்.

லே ஹாவ்ரில் கேலிச்சித்திரம் வரைந்து காசு பார்த்துக்கொண்டிருந்தான் பள்ளிப் பருவத்து மோனே. அவன் படங்களும் பூதேனின் கடற்காட்சிகளும் ஒரே கடை ஜன்னலில் தொங்கின. பையனுக்குப் பூதேனின் படங்கள் பிடிக்கவில்லை. கூப்பிட்டபோதெல்லாம் சாக்கு சொல்லித் தட்டிக்கழித்தான். ஒருநாள் போனான். கண்ணை மூடியிருந்த திரை கிழிந்தது போல இருந்தது என்று மோனே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1858-ல் லே ஹாவ்ர் கண்காட்சியில் அவருடைய முதல் நிலக்காட்சி ஓவியம் இடம்பெற்றது.

1874-ல் பாரிசில் இம்ப்ரஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சி நடந்தபோது 49 வயதான பூதேனும் அதில் பங்கேற்றார். லே ஹாவ்ர் துறைமுகத்தின் விடியலைக் காட்டிய மோனேயின் ஓவியத்திலிருந்துதான் அந்த இயக்கத்துக்கே பெயர் வந்தது. பூதேன் அவர்களுடைய அடுத்த கண்காட்சிகளில் சேரவில்லை. கோஷம் போடுவதும் கோஷ்டி சேர்வதும் அவர் சுபாவத்தில் இல்லை. அரசு ஆதரவு பெற்ற சலோன் கண்காட்சிக்கே படங்களை அனுப்பிவந்தார். அங்கீகாரம் தாமதமாக வந்தது. 1881-ல் பிரபல வியாபாரி துரான்-ருவேல் அவர் படங்களை வாங்க ஆரம்பித்தார். 1892-ல் லெஜியோன் தொனர் விருது கிடைத்தது.

1898-ல் உடல்நிலை மோசமானபோது, தென் பிரான்சில் இருந்தவர் தம்மைக் கடற்கரைக்கே கொண்டுபோகச் சொன்னார். தோவில் நகரில், தாம் தீட்டிய அதே வானத்தின் கீழ் உயிர் பிரிந்தது. ஸ்டூடியோவில் எஞ்சியிருந்த இருநூறுக்கும் மேற்பட்ட படைப்புகளை 1900-ல் அவர் சகோதரர் லே ஹாவ்ர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். பெரும்பாலும் சிறிய, முடிக்கப்படாத படிப்புகள். பெரிய ஓவியங்களுக்கான முன்வேலை என்று ஓவியர் ஒதுக்கிவைத்தவை. இன்று பார்ப்பவர்களை நிறுத்திவைப்பது அவைதான். சீடரின் புகழில் குரு மறைந்துபோவது புதிதல்ல. ஆனால், நொடியில் கலையும் மேகத்தை நம்பிக் கடையை மூடிய துணிச்சல் முதலில் பூதேனுடையது.