கிண்ணத்துள் கடல்: எக்செகியாஸ் கலத்தை முன்வைத்து ஒரு கருத்து

பண்டைக் கிரேக்க ஓவியக் கலங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஓவியத்திலுள்ள கதை யாதென்றே முதலில் வினவுகின்றனர். கதை கிடைத்ததும் ஆய்வு நிறைவுற்றதாகக் கொள்கின்றனர். பனுவல் பயின்ற நம்மனோர்க்கு இவ்வழக்கம் எளிதிற் படிந்துவிடுகிறது. இது கலத்தை ஏட்டின் விளக்கப்படமாகச் சுருக்கிவிடுகிறது என்பது என் கருத்து.

மியூனிக் நகர அருங்காட்சியகத்திலுள்ள டயோனிசஸ் கிண்ணத்தை நோக்கலாம். ஏதென்சின் குயவரும் ஓவியருமான எக்செகியாஸ் கி.மு. 530ஐ ஒட்டி வனைந்தது. இத்தாலியின் வுல்சியில் கிடைத்தது. அகன்று ஆழங்குறைந்த, இரு கைப்பிடிகளும் பாதமும் உடைய இவ்வகைக் கலம் கைலிக்ஸ் எனப்படும். உட்புறத்தில் மதுக்கடவுள் டயோனிசஸ் மரக்கலத்தில் சாய்ந்திருக்கிறார். பாய்மரத்தைப் பற்றியெழும் திராட்சைக்கொடியில் ஏழு குலைகள். சுற்றிலும் ஏழு டால்பின்கள். இக்கடவுளைக் கடத்திய கொள்ளையர் டால்பின்களாக மாறிய கதை ஹோமர் பெயரால் வழங்கும் துதிப்பாடலில் உண்டு. ஆகவே ஓவியம் அக்கதையே என்பர். ஆயின் கிண்ணத்தில் கொள்ளையர் எவருமிலர். உருமாறும் கணமும் இல்லை.

கடலும் இல்லை என்பதே எனக்கு முதன்மையாகப் படுகிறது. ஓர் அலைக்கோடேனும் தீட்டப்படவில்லை. கப்பலைச் சூழ்ந்திருப்பது பவளச் செம்மைப் பூச்சு மட்டுமே. விருந்தில் நீர் கலந்த மதுவை வார்த்தால் கப்பல் மூழ்கும்; பருகப் பருக மேலெழும். மதுவே கடலாகிறது. கடலுக்கு மதுவை ஒப்புமையாக்கிய ஹோமரின் அடைமொழியைக் கேட்டுப் பழகிய விருந்தினர்க்கு இது புலப்படாமற் போயிராது. வெளிப்புறத்திலோ இரு பெருங்கண்கள். பருகுபவர் கிண்ணத்தை உயர்த்துகையில் எதிரே சாய்ந்திருப்பவர்க்கு அது முகமூடியாகிறது: கைப்பிடிகள் செவிகள், பாதத்தின் அடிவட்டம் வாய். பருகுபவர் உள்ளே கடவுளைக் காண்கிறார். எதிரிலிருப்பவர் கண்களைக் காண்கிறார். மேலிருந்து எடுத்த ஓர் ஒளிப்படத்தை மட்டும் நம்பி எழுதும் கட்டுரையில் இவை எவையும் இடம்பெற வழியில்லை.

படத்தைப் பாட்டோடு ஒட்டிவிடும் இவ்விரைவு நம் துறையிலும் உண்டு. புறநானூற்று 56ஆம் பாட்டில் வரும் யவனர் தேறலை விளக்கும் கருத்தரங்க உரைகளில் இத்தகைய ஓவியக் கிண்ணங்கள் திரையில் காட்டப்படுவதைக் கண்டிருக்கிறேன். அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழ்ந்தவற்றுள் மத்தியதரைக்கடற் பகுதியின் அம்போராச் சாடித் துண்டுகளும் இத்தாலிய அரெட்டைன் கலங்களின் ஓடுகளும் உள்ளன. அவை எக்செகியாசுக்கு ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டு பிற்பட்டவை. அழகிற் குறைந்தவையும் கூட. எனினும் அப்பாட்டின் அருகில் வைத்துக் காட்டத்தக்கவை அவ்வுடைந்த சாடித் துண்டுகளே.