தராசு யார் கையில்?

சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டு கிழமைகளுக்கு முன்னர், பண்டிகைச் சாமான்கள் வாங்குவதற்காக வெள்ளவத்தைக்குப் போயிருந்தோம். காலி வீதியிலே ஒரு கடை வாசலில் பெண்கள் கூட்டமொன்று நின்றது. நாமும் எட்டிப் பார்த்தோம். மேசையின்மேல் இரண்டு கண்ணாடிப் பாத்திரங்கள். ஒன்றிலே, அங்கு நின்ற இளைஞர் விற்க வந்த சவர்க்காரத் தூள் கரைக்கப்பட்டிருந்தது; மற்றதிலே, பெயர் சொல்லப்படாத 'வேறொரு தூள்'. மஞ்சட்கறை படிந்த இரண்டு வெள்ளைத் துணித்துண்டுகளை அவர் இரண்டிலும் இட்டார், கலக்கினார், சிறிது நேரத்தில் வெளியே எடுத்தார். ஒன்று பால்போல் வெளுத்திருந்தது. மற்றது மஞ்சளாகவே இருந்தது. கூட்டத்தினர் வியந்து நின்றனர்.

எம்முடன் வந்திருந்த அயல்வீட்டு அம்மையார் மட்டும் வியக்கவில்லை. யாழ்ப்பாணத்திலே நாற்பது வருடங்கள் குடும்பம் நடத்தியவர் அவர்.

"தம்பி, மற்றப் பாத்திரத்துக்குள்ள எத்தனை கரண்டி தூள் போட்டனீர்?" என்று கேட்டார்.

இளைஞர் சற்றுத் தடுமாறினார். "அது காலமை கொம்பனியில இருந்து கரைச்சுத் தந்துவிட்டவை அம்மா. எனக்குத் தெரியாது" என்றார்.

உண்மையைச் சொன்ன அந்தப் பிள்ளையைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. அம்மையாரின் கேள்வியைக் கேட்ட பின்னரும், நாம் ஒரு பைக்கற்றை வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். கண்ணாற் கண்ட காட்சிக்கு அத்துணை வலிமை இருக்கின்றது! கறி சிந்திய மேசை விரிப்பிலே அந்தத் தூள் எமது வழமையான தூளிலும் பார்க்க அதிகமாக ஒன்றையும் சாதித்துவிடவில்லை. விலை மட்டுமே அதிகமாயிருந்தது.

ஒரு கம்பனி தனது பொருளைப் போட்டிக் கம்பனியின் பொருளோடு பொதுமக்கள் முன்னிலையில் சோதித்துக் காட்டுவது முறையா? இவ்வாரம் இக்கேள்வியை எமது சகோதரிகளுடன் சேர்ந்து ஆராய விரும்புகின்றோம். மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் குடும்பத்திலே, பால்மா முதல் மின்குமிழ் வரை ஒவ்வொன்றையும் எதை நம்பி வாங்குவது என்ற கேள்வியும் இதுவேயாகும்.

முதலில் இத்தகைய சோதனைகளுக்குச் சார்பாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவோம். 'எமது பொருளே சிறந்தது' என்று ஒவ்வொரு வியாபாரியும் முழங்குகின்றான். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. எல்லாரும் சிறந்தவர்கள் என்றால், வாங்குபவருக்கு அச்சொல்லால் என்ன பிரயோசனம்? 'எம்முடையதையும் அவருடையதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்' என்று ஒருவன் துணிந்து சொல்லும்போதுதான் பேச்சு நின்று பொருள் பேசத் தொடங்குகின்றது.

இதற்கு நல்ல உதாரணம் இங்கிலாந்திலே 1829ஆம் ஆண்டு நடைபெற்றது. லிவர்பூல் நகருக்கும் மான்செஸ்டர் நகருக்கும் இடையே புகையிரதப் பாதை அமைத்த கம்பனி, வண்டிகளை இழுப்பதற்கு எந்த இயந்திரம் தகுந்தது என்று அறிவதற்காக 500 பவுண் பரிசு அறிவித்தது. அவ்வருடம் ஒக்டோபர் மாதம் றெயின்ஹில் என்னும் இடத்திலே பெருங்கூட்டத்தின் முன்னிலையில் பந்தயம் நடந்தது. களத்துக்கு வந்தவை ஐந்து. அவற்றுள் ஒன்று குதிரையின் நடையினால் இயங்குவது! கூட்டத்தின் மனத்தைக் கவர்ந்தது 'நொவெல்ரி' என்னும் இலேசான அழகிய இயந்திரம். அதன் வேகத்தைக் கண்டு சனங்கள் ஆரவாரித்தனர். ஆனால், நிபந்தனைகள் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தன: இன்ன பாரத்தை இழுக்க வேண்டும், குறித்த தூரத்தைத் திரும்பத் திரும்ப ஓடி முடிக்க வேண்டும் என்று. நொவெல்ரி இடையிலே பழுதடைந்து நின்றது. ஸ்டீவன்சன் குடும்பத்தாரின் 'றொக்கெற்' மாத்திரமே ஓட்டத்தை முழுமையாக முடித்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஜோர்ஜ் ஸ்டீவன்சன் அந்தப் புகையிரதக் கம்பனியின் பிரதம பொறியியலாளர். எனவே பாரபட்சம் என்று கூற இடமிருந்தது. ஆயினும் நிபந்தனைகள் எல்லாருக்கும் முன்னரே தெரிந்திருந்தன. நடுவர்கள் மூவர் அமர்ந்திருந்தனர். போட்டியாளர் தத்தம் இயந்திரத்தைத் தாமே ஓட்டினர். எதிராளியின் பாத்திரத்திலே எத்தனை கரண்டி என்ற கேள்விக்கு அங்கே இடமிருக்கவில்லை.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 1990ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் வொல்வோ மோட்டார் காருக்காக ஒரு விளம்பரம் வெளிவந்தது. கார்கள் பல வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கின்றன. ஆள் உயரச் சில்லுகளைக் கொண்ட இராட்சத வாகனமொன்று அவற்றின் மேலாக ஏறிச் செல்கின்றது. ஏனைய கார்களெல்லாம் அப்பளமாக நொறுங்குகின்றன. வொல்வோவின் கூரை மட்டும் அசையாது நிற்கின்றது. பார்த்தவர் நம்பாமல் இருக்க முடியுமா? ஆனால், டெக்ஸாஸ் மாநிலத்திலே படப்பிடிப்பு நடந்தபோது அங்கிருந்தவர்கள் வேறொன்றைக் கண்டிருந்தனர். வொல்வோவின் கூரைக்கு உள்ளே மரத்தாலும் உருக்காலும் முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. மற்றைய கார்களின் கூரைத் தூண்களோ அறுத்துப் பலவீனமாக்கப்பட்டிருந்தன. மாநிலச் சட்டமா அதிபர் தலையிட்டார். விளம்பரம் மீட்கப்பட்டது, கம்பனி பத்திரிகைகளில் விளக்கம் வெளியிட நேர்ந்தது. மறுவருடம் அக்கம்பனியும் விளம்பர நிறுவனமும் தலைக்கு 1,50,000 டொலர் செலுத்த உடன்பட்டன.

இதிலே மிகவும் வருந்தத்தக்க செய்தி யாதெனின், வொல்வோ உண்மையாகவே பாதுகாப்புக்குப் பெயர்பெற்ற காராகும். இன்று உலகமெங்கும் கார்களிலே நாம் மார்புக்குக் குறுக்கே மாட்டிக்கொள்ளும் மும்முனை ஆசனப்பட்டியை 1959இலே அறிமுகப்படுத்தி, ஏனைய கம்பனிகளும் உபயோகிக்க விட்டுக்கொடுத்தவர்கள் அவர்களே. மெய்யாகவே உறுதியான கூரைக்குப் பொய்யான முட்டு எதற்கு? ஊர் நம்பிய ஒரு நல்ல பெயரை, அதே பெயரை நிலைநாட்டப் புறப்பட்ட ஒரு காட்சி கெடுத்துவிட்டது.

பொய் கலந்த சோதனையின் கதை இது. பொய் கலவாத சோதனையும் எம்மை வழிதவறச் செய்யலாம் என்பதற்கு இன்னொரு கதை உண்டு.

1975ஆம் ஆண்டு, அமெரிக்காவிலே டலஸ் நகரில், பெப்சி கம்பனியார் கடைத்தெருக்களில் மேசை போட்டு, போவோர் வருவோருக்குப் பெயர் மறைத்த இரண்டு கோப்பைகளில் பானம் கொடுத்தனர். ஒன்று பெப்சி, மற்றது கொக்கா-கோலா. எது நல்லது என்று கேட்டபோது, கொக்கா-கோலாவையே வழக்கமாகக் குடிப்பவர் பலரும் பெப்சியைச் சுட்டிக் காட்டினர். கோப்பைகளிலே எழுதப்பட்ட ஆங்கில எழுத்துக்களில் ஒன்று மற்றதைவிட மக்களுக்குப் பிடித்தமானது என்றுகூடக் கொக்கா-கோலா கம்பனியார் வாதாடிப் பார்த்தனர். நாளடைவில் அவர்களுக்கே தம் பானத்தின்மேல் ஐயம் பிறந்தது. ஏறத்தாழ 2 இலட்சம் பேரிடம் தாமும் சுவைச் சோதனை நடத்தி, 1985 ஏப்ரல் 23ஆம் திகதி பழைய செய்முறையைக் கைவிட்டு, இனிப்புக் கூடிய புதிய பானத்தை வெளியிட்டனர். நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் குவிந்தன. 79 நாட்களில், யூலை 11ஆம் திகதி, பழைய பானத்தைத் திருப்பிக் கொண்டுவருவதாக அறிவிக்க நேர்ந்தது.

சோதனையிலே பொய் இல்லை. பின் பிழை எங்கே? ஒரு வாய் குடிக்கும்போது இனிப்புக் கூடியது இனிமையாக இருக்கும். முழுப் போத்தலையும் குடிக்கும்போது அதுவே தெவிட்டிவிடும். அன்றியும், பழக்கம், பாசம், பழைய நினைவு ஆகியவை கோப்பைக்குள் அடங்குவனவல்ல. கலியாண வீட்டிலே ஒரு கரண்டி பாயசம் அமிர்தம். அதற்காக மூன்று வேளையும் பாயசம் உண்ண முடியுமா? ஒரு சோதனை தான் அளந்ததை மாத்திரமே சொல்லும். எமது வாழ்க்கைக்கு வேண்டியது அதுதானா என்பதைச் சோதனை சொல்லாது. நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்கும் கலை எமது நாட்டுக்குப் புதியதன்று. கொழும்பிலே தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டிலிருந்து நடைபெற்று வருகின்றது. தேயிலை சுவைப்போரின் அறையைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: நீண்ட மேசையிலே வரிசையாகக் கோப்பைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே நிறையான தேயிலை, ஒரேயளவு கொதிநீர், ஊறுவதற்கு ஒரே நேரம். சுவைப்பவர் ஒரு கரண்டி உறிஞ்சி, நாவிலே உருட்டி, உமிழ்ந்துவிட்டு அடுத்த கோப்பைக்குச் செல்வார். விற்பவர் சார்பிலே தரகர் சுவைப்பார். வாங்குபவரும் மாதிரியைப் பெற்றுத் தம் நாவினாலே சுவைத்துப் பார்ப்பார். ஒரு தரப்பின் சொல்லை மறுதரப்பு அப்படியே விழுங்குவதில்லை. கோடிக்கணக்கான ரூபா புரளும் வியாபாரத்திலே பெரிய வியாபாரிகள் தமக்கு வைத்துக்கொண்டுள்ள இந்தப் பாதுகாப்பு, கடை வாசலிலே நிற்கும் குடும்பப் பெண்ணுக்கு மட்டும் ஏன் இருத்தலாகாது?

இக்குறையைத் தீர்ப்பதற்கு வேறு நாடுகளிலே வாங்குவோரே கூடிச் சங்கம் அமைத்தனர். அமெரிக்காவில் 1936இலே பாவனையாளர் சங்கமொன்று பொருட்களைத் தானே சோதித்து முடிவுகளைச் சஞ்சிகையாக வெளியிடத் தொடங்கியது. இங்கிலாந்தில் 1957 ஒக்டோபரில் 'விச்?' என்னும் சஞ்சிகை, லண்டனில் பெத்னல் கிறீன் பகுதியிலே ஒரு மோட்டார்க் கொட்டகையிலிருந்து வெளிவந்தது. மின்சாரக் கேத்தல்களை ஒப்பிட்டது அதன் முதலிதழ். கம்பனிகளிடம் விளம்பரம் வாங்காமையே இத்தகைய சஞ்சிகைகளின் பலம். ஜேர்மனியிலும் 1964இலே இவ்வாறானதொரு நிறுவனம் தோன்றியது.

எமது நாட்டிலோ, இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் எஸ்.எல்.எஸ். சின்னத்தை வழங்குகின்றது. ஒரு பொருள் குறித்த தரத்தை எட்டியிருக்கின்றதென்று அது சொல்லும்; இரண்டிலே எது மேலானதென்று சொல்லாது. 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வாங்குவோரை ஏமாற்றும் கூற்றுக்களைத் தடைசெய்கின்றது. ஐரோப்பாவிலே ஒப்பீட்டு விளம்பரத்தை 1997ஆம் ஆண்டு முதல் நிபந்தனைகளோடு அனுமதித்திருக்கின்றனர்: ஒரே தேவைக்குரிய பொருட்களையே ஒப்பிட வேண்டும், ஒப்பிடும் அம்சம் சரிபார்க்கத்தக்கதாயிருக்க வேண்டும், எதிராளியை இழிவுபடுத்தலாகாது. இது நியாயமான ஏற்பாடென்றே எமக்குத் தோன்றுகின்றது.

ஆகவே எமது கருத்து இதுதான். சோதிக்கட்டும், பகிரங்கமாகவே சோதிக்கட்டும். ஆனால், நிபந்தனைகளை முன்னரே சொல்லட்டும். 'வேறொரு தூள்' என்று மறைக்காமல், எதனோடு ஒப்பிட்டோம், எவ்வளவு நீரில் எவ்வளவு தூள், எத்தனை நிமிடம் என்று எழுதி ஒட்டட்டும். வேறு எவரும் அதே சோதனையைச் செய்து பார்க்கக் கூடியதாயிருக்கட்டும். பொருளை விற்பவரே தராசையும் பிடிப்பதானால், படிக்கல்லையாவது எம்மிடம் காட்டட்டும்.

அதுவரையில் எமது வீடுகளே எமது சோதனைச்சாலைகள். அயல்வீட்டு அம்மையார் செய்த முறையைச் சொல்கின்றோம். பழைய வெள்ளைத் துணியொன்றை மூன்று துண்டுகளாக வெட்டினார். மூன்றிலும் ஒரே கறியை ஒரேயளவு ஊற்றிக் காயவிட்டார். மூன்று தூள்களையும் கரண்டியால் அளக்காமல் காசினால் அளந்தார். அதாவது, ஐந்து ரூபாவுக்கு எவ்வளவு தூள் வருமோ அவ்வளவு. எந்தத் துண்டு எந்தத் தூளிலே தோய்ந்ததென்பதை மருமகளிடம் எழுதி வைக்கச் சொல்லிவிட்டுத் தாம் பாராமல் இருந்தார். தூள் பட்டதும் மஞ்சட்கறை சிவந்தது. அலசியபின் மீண்டும் மஞ்சளாயிற்று. மூன்றையும் ஒரே கொடியில் ஒரே வெயிலில் காயவிட்டார்.

மாலையிலே எடுத்துப் பார்த்தால், மூன்று துண்டுகளுக்குமிடையே வேற்றுமை காண முடியவில்லை. "மஞ்சளை எடுக்கிறது வெயில் பிள்ளை, தூளில்லை" என்றார் அம்மையார். வெயிலிலே மஞ்சள் நிறம் மங்கிவிடுமென்பது எமது பாட்டிமாருக்கெல்லாம் தெரிந்த விஷயமே. கடை வாசலிலே நின்ற எமக்குத்தான் அது நினைவுக்கு வரவில்லை.

அடுத்த பண்டிகைக் காலத்திலும் அந்த இளைஞரோ அவரைப் போன்ற இன்னொருவரோ மேசையோடு வந்து நிற்பார். அவரும் ஒரு வீட்டுப் பிள்ளை, பிழைக்க வந்தவர். அவரை ஏசவேண்டாம், சகோதரிகளே. "தம்பி, இரண்டு பாத்திரங்களிலும் நாங்களே தூளைப் போடலாமா?" என்று மட்டும் கேளுங்கள். அவர் கரண்டியை உங்கள் கையிலே தருவாராயின், அவரிடம் ஒரு பைக்கற்று வாங்குவதிலே தவறில்லை.